மல்லாவியில் ஒரு கவிதை வாசிப்பு விழா – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் வன்னியில், மல்லாவிப் பக்கம் ஒரு கிராமத்தில் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். போன வருடம் எங்கள் வாசிகசாலையில் ஒரு பின்னேரம் கவிதை வாசிப்பு வைத்தோம். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள் என்று பார்த்தால் வாசிகசாலை நிரம்பி, வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த உசாரில் இந்த முறை முழுநாள் விழாவாகச் செய்வோம் என்று பெடியள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அயல் கிராமங்களையும் சேர்த்து, மாசிப் பௌர்ணமி அன்று, பொதுநோக்கு மண்டபத்தில்.

கூட்டம் கூடினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் முடிந்தால் சென்னையிலிருந்தும் பெரிய கவிஞர்களைக் கூப்பிட்டால்தான் சனம் வரும் என்கிறார் தலைவர். வருகிற கவிதைகளை ஒரு குழு பார்த்து நல்லதை மட்டும் எடுக்க வேண்டும் என்கிறார் ஓர் ஆசிரியர். இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. போன முறை வாசித்ததில் முக்கால்வாசி இழப்பைப் பற்றியது. வாசித்தவர்களும் அழுதார்கள், கேட்டவர்களும் அழுதார்கள். ‘திருப்பித் திருப்பி இதைத்தானோ? இந்தமுறை இயற்கை, காதல், பெண்கல்வி என்று தலைப்புக் கொடுங்கோ’ என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

கனடாவிலிருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முழுச் செலவையும் தருவதாகச் சொல்கிறார். அவருடைய தகப்பனாரின் பெயரில் விழா நடக்க வேண்டுமாம், அவருடைய கவிதைகளையும் வாசிக்க வேண்டுமாம். கடைசியாக ஒன்று. நானும் கொஞ்சம் எழுதுவேன். ஒழுங்கு செய்கிறவளே மேடையேறி வாசித்தால் ஊர் என்ன சொல்லும்? நீங்கள் இப்படியான நிகழ்வுகளில் நிறைய நின்றவர் என்பதால் கேட்கிறேன். நீங்களும் வரவேண்டும். பிரதம விருந்தினராக உங்களைப் போடலாமா?

(என் பெயரைப் போடவேண்டாம். ஊருக்குள் ஏற்கெனவே கதை.)

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

‘வெளியிலும் ஆட்கள் நின்றார்கள்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வெளியில் நின்றவர்கள் ஆர்? வாசிக்கிற பிள்ளையின் தாயா, சத்தம் கேட்டுச் சைக்கிளை நிற்பாட்டினவரா, கடைக்கு வந்த வழியில் எட்டிப் பார்த்தவரா? அடுத்த கூட்டத்தில் இதை ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். யார் மேடையில் ஏறுவது என்பதைப் பற்றித்தான் உங்கள் செயற்குழு சண்டை பிடிக்கிறது. கேட்க வருகிறவரைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாகக் கடிதத்தில் இல்லை. விழா அவருக்கு என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்டதில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

நம்முடைய பக்கத்து விழாக்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அழைப்பிதழில் ஒன்பது மணி. விருந்தினர் வரப் பத்தேகால். பிறகு மாலை, மங்கல விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் உரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம். பந்தியில் ஆட்களை இருத்திவிட்டுச் சோறு போடாமல், சமைத்தவரைப் புகழ்ந்துகொண்டே நிற்பது மாதிரி. கவிதை தொடங்கும்போது பன்னிரண்டரை ஆகிவிடும். சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது என்று பின்னாலிருந்து ஒருவர் கையைக் காட்டுவார். ‘நேரம் போதாத காரணத்தால் கவிஞர்கள் ஒரு கவிதையோடு நிறுத்திக்கொள்ளுமாறு அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று அறிவிப்பாளர் சொல்லுவார். அதுவரை பேசின ஒருவருக்கும் இந்த அன்பான வேண்டுகோள் வந்திராது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் மணித்தியாலத்துக்கு 12 பேர் என்று கொப்பியில் வரும். மேடையில் வராது. பெயரைக் கூப்பிட்டு, அவர் பின்வரிசையிலிருந்து எழும்பி, செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்து, மைக்கைக் கீழே இறக்கி, நாலாக மடித்த தாளை விரித்து, ‘இந்தச் சந்தர்ப்பத்தைத் தந்த…’ என்று தொடங்க இரண்டு நிமிடம் போய்விடும். ஆகவே மணித்தியாலத்துக்கு 8 பேர். காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் இரண்டு. மொத்தம் 40 பேர். 40 பேரின் கவிதையை ஒரே நாளில் கேட்பதென்பதே ஒரு மனிதக் காதுக்குக் கூடின சுமை. இதற்குள் வாழ்த்துரைக்கு எங்கே இடம்? வரவேற்பை நீங்களே இரண்டு வசனத்தில் சொல்லிவிடுங்கள். நன்றியை ரீ கொடுக்கும்போது நேரில் சொல்லலாம்.

பெரிய பெயர் இருந்தால்தான் சனம் வரும் என்று உங்கள் தலைவர் நினைப்பதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. சனத்துக்குக் கவிதை விளங்காது என்று படித்த ஆட்கள் எல்லாருமே உள்ளுக்குள் நினைக்கிறார்கள். எனக்கு அது எப்போதும் ஆச்சரியம்தான். கோவில்களில் கந்தபுராணம் படிக்கிறபோது ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, நாள்கணக்காக இருந்து கேட்ட ஆட்கள் நாங்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைச் சுற்றி வளர்ந்த ‘சிலம்பு கூறல்’ காவியம் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை விடியவிடியக் குந்தியிருந்து பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வயலில் அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்கப் போனால் அருவிச் சிந்து. பன்றியிடமிருந்தும் குருவியிடமிருந்தும் பயிரைக் காக்கப் பண்டிப் பள்ளு, குருவிப் பள்ளு. இவ்வளவையும் கேட்ட காதுக்கு இருபது வரிப் புதுக்கவிதை விளங்காது என்றால், பிழை எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயிலில் வந்தால் மாங்குளத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஆராவது போய் ஏற்றிக்கொண்டு வரலாம். ஆனால் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்: காலையில் வந்து கடைசி ஆள் வாசிக்கும்வரை இருக்க வேண்டும், மற்றவர்களுக்குப் போலவே ஐந்து நிமிடம், கதிரையும் மற்றவர்களோடுதான். தன்னுடையதை வாசித்து முடித்ததும் ‘எனக்கு இன்னொரு நிகழ்வு இருக்கு’ என்று எழும்புகிற கவிஞரைப் பார்த்துத்தான், கேட்பது தனக்குக் கீழான வேலை என்று ஊர்ப் பெடியளும் பழகுகிறார்கள். போக்குவரத்துக் காசை வந்தவுடன் கடித உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அதைக் கேட்டு வாங்குகிற அந்தரத்தை ஒருவருக்கும் வைக்கக்கூடாது. சென்னையை இந்த வருடம் விடுங்கள். அந்தச் செலவுக்கு அயல் கிராமங்களுக்கெல்லாம் வாகனம் பிடித்துவிடலாம். பின்னேரம் வீட்டுக்குப் போகப் பஸ் இருக்குமோ என்ற யோசனை இல்லாமல் இருக்கிற அம்மாதான் கடைசிக் கவிதைவரை கேட்பா.

தெரிவுக் குழு வேண்டாம் என்பது என்னுடைய கட்சி. ஆசிரியர் சொல்வதில் ஞாயம் இல்லாமல் இல்லை. மோசமான கவிதையைக் கேட்பது வேதனையான காரியம், நானும் கணக்கில்லாமல் கேட்டிருக்கிறேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் அது முடிந்துவிடும். நாலு பேர் அறைக்குள் இருந்து ‘இவருடையது சரியில்லை’ என்று ஒரு தாளை ஒதுக்கினால் அந்தக் கதை ஊருக்குள் பத்து வருடம் ஓடும். அந்த ஆள் பிறகு வாசிகசாலைப் படியே மிதிக்கமாட்டார். ஆசிரியருக்கு வேறு வேலை கொடுங்கள். விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை, வாசிக்கப் போகிற எல்லாரையும் வாசிகசாலைக்குக் கூப்பிட்டு ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் மூச்சு முட்டுகிறது, எங்கே கேட்கிறவர் கவனம் கலைகிறது என்று எழுதினவருக்கே தெரிந்துவிடும். வெட்டுகிறதை ஆசிரியர் அவரோடு சேர்ந்திருந்து வெட்டட்டும். சேர்ந்து வெட்டினால் கோபம் வராது. தாள்களை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது, ஒழுங்குபடுத்துவதற்கு மட்டும்.

இன்னொன்று. விண்ணப்பத் தாளில் ‘கவிஞர் பெயர்’ என்று அச்சடிக்க வேண்டாம். உருத்திரபுரம் பக்கம் நடந்த ஒரு வாசிப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் வாசித்து முடிய, வேறு ஆராவது வாசிக்கிறீர்களா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். பின்னால் இருந்த ஒரு வயதான அம்மாவை அவவின் பேத்தி தள்ளித் தள்ளி எழுப்பிவிட்டாள். மைக்கைக் கொடுக்க, அதைப் பிடித்து ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, முன்னால் இருந்த கதிரையின் முதுகில் இடது கையை ஊன்றிக்கொண்டு அருவிச் சிந்தைத் தொடங்கினா. வலது கை தன்பாட்டில் அரிவாள் பிடித்து வெட்டுகிற கணக்காகப் போய்வந்துகொண்டிருந்தது. தாளத்தை அந்தக் கைதான் வைத்திருந்தது. இரண்டாவது அடிக்குப் பின்னாலிருந்த கிழவர்கள் இரண்டு மூன்று பேர் கூடப் பிடித்தார்கள். பெடியள் போனைத் தூக்க, ‘அதை வைச்சிட்டுக் கேளடா’ என்று ஒரு அதட்டல். அன்றைக்கு வாசித்த கவிதைகளில் எனக்கு ஒன்றும் நினைவில்லை, என்னுடையது உட்பட. அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதற்குக் காரணம், தாளில் ‘கவிஞர்’ என்று இருந்ததுதான். அந்தத் தாள் தனக்கானது என்று அவவுக்குத் தோன்றியே இராது. ‘கவிதை, பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எதுவானாலும், உங்களுடையதோ நீங்கள் கேட்டுப் பழகினதோ’ என்று உங்கள் அறிவித்தலில் எழுதுங்கள்.

அதை எழுதினால் இன்னொரு கதவும் திறக்கும். 1958, 77, 83 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்கள் எத்தனை! கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் என்று ஊர் ஊராக இருக்கிறார்கள். உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் மேடைக்கு எழுதும்போது யாழ்ப்பாணத்து வாத்தியார் தமிழைத்தான் எழுதப் பார்க்கிறார்கள். பாட்டியிடம் தெம்மாங்கும் காமன் கூத்துப் பாட்டும் வீட்டில் இருக்கும். அதைக் கொண்டுவரலாம் என்று ஆரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நீங்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் ஒட்டினால் காணாது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறகு முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களிலும் எழுதுகிற ஆட்கள் இருக்கலாம். நீராவிப்பிட்டிப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். தூரம்தான், பெடியளிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதல்லவா.

சரி, இழப்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தலைப்புக் கொடுத்து இதை அடைக்க முடியாது. ‘இயற்கை’ என்று கொடுங்கள், குளத்தைப் பற்றித் தொடங்குகிறவர் மூன்றாவது வரியில் இடம்பெயர்ந்து போன வழியில் அந்தக் குளக்கட்டில் தண்ணி குடித்ததற்கு வந்துவிடுவார். பனையைப் பற்றி எழுதினால் தலை போய் வட்டில்லாத பனை வரும். இந்த மண்ணில் 2009இன் கடைசி யுத்தத்தைத் தாண்டின ஒருவருக்கு இயற்கை, காதல், கல்வி என்று தனித்தனிப் பெட்டிகள் கிடையாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கொட்டகை போட்டுக் குந்தத் தொடங்கின, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பார்த்து ‘இனி அதை விடுங்கோ’ என்று ஆராவது சொல்லுவார்களா? கவிதையில் மட்டும் எப்படிச் சொல்லலாம்? வன்னியின் பழைய பாட்டுகளிலேயே ஒப்பாரிக்குப் பெரிய இடம் இருக்கிறது. யானை பிடித்த அரியாத்தையின் பேரில் பாடிய ஒப்பாரியை இந்தச் சனம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. அழுகையைப் பாட்டாக வைத்துக் கேட்கிறது நமக்குப் புதிதல்ல.

ஆனால் உங்கள் பெரியவர்களையும் நான் தள்ளிவிடமாட்டேன். அவர்கள் அலுத்துப்போய்ச் சொல்வதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவர்களும் அதே றோட்டால் நடந்து போனவர்கள்தான். ஒரு நாள் முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக, ஒலிபெருக்கியில் அதைக் கேட்கத் தாங்காது என்பதைத்தான் ‘பெண்கல்வி’ என்று சொல்கிறார்கள். ஆகவே எதை வாசிப்பது என்பதில் கை வைக்காமல் எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதில் வேலை செய்யுங்கள்.

தாள்களை முன்கூட்டி வாங்குவது இதற்குத்தான். இழப்பை வாசிக்கிற இரண்டு பேரை அடுத்தடுத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரு பாட்டு வரட்டும், ஒரு பகிடிக் கவிதை வரட்டும். பகிடி வந்தால் மரியாதை இல்லாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். செத்த வீட்டிலும் மூலையில் குந்தியிருந்து பகிடி விடுகிற சனம்தானே நாங்கள். வெளியில் மர நிழலில் நாலு கதிரையும் ஒரு குடம் தண்ணியும் வைத்து, ஊருக்குத் தெரிந்த ஒரு அக்காவை அங்கே இருக்கச் சொல்லுங்கள். எழும்பிப் போக விரும்புகிறவர் எழும்பிப் போகலாம், திரும்பி வரலாம், ஒருவரும் ஏனென்று கேட்கக்கூடாது.

அழுகை வரும் என்று தெரிந்த ஒவ்வொரு வாசிப்புக்கும் அந்தத் தாளின் பிரதி ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்து முன்வரிசையில் இருத்துங்கள். ஆர் என்பதை வாசிக்கிறவரே சொல்லட்டும், தங்கச்சியோ சிநேகிதியோ. இடையில் குரல் அடைத்துவிட்டால் உடனே ஓடிப்போய் மைக்கை வாங்கக்கூடாது. காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். அவ தலையை அசைத்தால் மற்றவர் எழும்பி, பக்கத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடிக்கலாம். தண்ணிப் போத்தலோடு மேடைக்குப் பாய்கிற பெடியனையும் பிடித்து வையுங்கள்.

அறிவிப்பாளருக்கு ஒரு கட்டளை: கவிதை முடிந்ததும் வாயை மூடியிருக்க வேண்டும். ‘எங்கள் எல்லாரின் கண்களையும் குளமாக்கிய சகோதரிக்கு ஒரு பலத்த கரகோஷம்’ என்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது. அடுத்தவரின் பெயரை மட்டும் சொன்னால் போதும், அதுவும் கொஞ்சம் பொறுத்து. படம் எடுக்கிறவருக்கும் சொல்லுங்கள், அழுகிற முகத்துக்குக் கிட்டப் போகக்கூடாது, பேஸ்புக்கில் நேரலை கூடாது. வாசித்தவரிடம் கேட்டு, அவர் ஓம் என்றால் மட்டும் பிறகு போடலாம். இந்த ஊரில் தன் முகமும் குரலும் எங்கே போய்ச் சேரும் என்ற யோசனை இல்லாமல் பேசுகிறவர் குறைவு. காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் விசயத்தில் நான் கடும்பிடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்கள் எழுதினதை வாசிக்கட்டும், பட்டத்தைப் பற்றியோ பூனையைப் பற்றியோ. பெரியவர்கள் எழுதிக்கொடுத்த யுத்தக் கவிதையைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடமாக்கி, தமிழ்த்தினப் போட்டிப் பாவோதல் மாதிரிக் கையை நீட்டி, குரலை உடைத்து ஒப்புவிக்க வைப்பதை நான் பல இடத்தில் பார்த்துவிட்டேன். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை அது. சபை அழும், கை தட்டும், பிள்ளை பெருமையோடு தாயைப் பார்க்கும். எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும்போல் இருக்கும்.

வாசிக்கிற விதத்தைப் பற்றியும் ஒரு சொல். நம்முடைய ஆட்களின் காதில் கவியரங்கு இருக்கிறது. தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையிலேயே சீண்டிக் கூப்பிடுவார், வந்தவர் ஒரு அடியைச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, கைதட்டலுக்கு இடம் விட்டுப் போவார். சந்தத்தில் எழுதின கவிதைக்கு அது நல்ல முறை, சபையை ஆளுகிற முறை. கொழும்பில் வகவம் என்கிற வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி நாள்களில் நடத்துகிற கவியரங்குகளில் அதன் உயிர்ப்பைப் பார்க்கலாம். ஆனால் சந்தமில்லாத, சின்னக் குரலில் பேசுகிற கவிதையையும் எங்கள் பெடியள் அதே தொண்டையில் வாசிக்கிறார்கள். ‘அம்மா அன்றைக்குக் கஞ்சி காய்ச்சவில்லை’ என்று ஒரு வரி. அதை இரண்டுதரம் முழங்கினால் என்ன மிஞ்சும்? கதைக்கிற குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒத்திகைச் சனிக்கிழமையில் மைக் இல்லாமல் வாசிக்க வைத்தால் பாதி சரியாகிவிடும்.

மண்டபம் வேண்டாம். நம்முடைய பொதுநோக்கு மண்டபங்களில் சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும்தான் இருக்கிறது. ஒரு சொல் போய் முட்டித் திரும்பி வரும்போது அடுத்த சொல்லோடு கலந்துவிடும், பத்தரைக்குப் பிறகு வெக்கை வேறு. நல்ல மரம் ஒன்று நிற்கிற வளவு போதும். உயர்ந்த மேடை கட்டாமல், கதிரைகளை அரைவட்டமாகப் போட்டு, முன்னால் பாய் விரித்துவிடுங்கள். சவுண்ட்காரரிடம் இரண்டு பெட்டி மட்டும் கேளுங்கள். ஊர் முழுக்கக் கேட்கிற குழாய் வேண்டாம். கேட்க விரும்புகிறவர் நடந்து வரட்டும், அடுத்த வீட்டில் படிக்கிற பிள்ளை படிக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும், அதை முதல் கிழமையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் என்று பெடியள் சொல்லுவார்கள். அதன் இரைச்சலில் கவிதை கேட்காது. கரண்ட் போனால் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு வாயால் வாசிக்கலாம்.

மாசிப் பௌர்ணமியை யோசித்துத்தான் வைத்தீர்களா? பெரும்போக வெட்டு உங்கள் பக்கம் அப்போதும் முடிந்திராது. வெட்டு மெசினுக்குக் காத்திருக்கிறவன், றோட்டில் நெல்லைப் பரப்பிவிட்டு மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன், கவிதைக்கு வரமாட்டான். அவன் வீட்டுப் பெண்களும் வரமாட்டார்கள். பங்குனியில் முதலாவது அல்லது இரண்டாவது சனிக்கிழமை நல்லது. வெட்டு முடிந்திருக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், மனமும் ஆறியிருக்கும். பங்குனி உத்தரத்துக்குக் கோவில்களில் திருவிழா, அதற்கு முதலே முடித்துவிடுங்கள். இன்னும் தள்ளினால் சித்திரை வருடம், பிறகு மே 18 நினைவேந்தல், பிறகு வற்றாப்பளைப் பொங்கல், பிறகு மடுத் திருவிழா. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை பேச்சுக்கே இடமில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ஒரு நன்மை, சாராயக் கடை பூட்டு. ஆனால் பஸ்ஸும் குறைவு.

வாசித்தவற்றைத் தட்டச்சுச் செய்து, போட்டோக்கொப்பி எடுத்து, ஸ்ரேப்ளர் அடித்து ஒரு சின்னப் புத்தகமாக்குங்கள். பாட்டுகளைப் போனில் பதிந்து அவற்றின் சொற்களையும் சேருங்கள். இடம்பெயர்வில் இந்தச் சனம் விட்டுவிட்டு வந்த கொப்பிகள் எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது. சீ.ஆர். கொப்பி நிறைய எழுதி வைத்திருந்து, கடைசியில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் புத்தகத்தின் ஒரு பிரதியை நூலகம் இணையத்தளத்துக்கு அனுப்பினால் அவர்கள் மின்வடிவில் ஏற்றி வைப்பார்கள். 2005இலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கனடாக்காரரின் காசை வாங்குங்கள், ஆனால் முழுவதையும் ஒருவரிடமே வாங்காதீர்கள். வாகனச் செலவோ புத்தகச் செலவோ ஒன்றை அவர் பொறுப்பெடுக்கட்டும். ரீயையும் வடையையும் மாதர் சங்கம் பார்க்கட்டும், கதிரையை ஊர்க் கடைக்காரர் தரட்டும். தகப்பனாரின் பெயர் புத்தகத்தின் பின்பக்கத்தில், மற்ற உதவிகளோடு, அதே எழுத்தில் வரலாம். விழாவுக்கு ஊரின் பெயர் போதும். அவருடைய கவிதை ஒன்றை ஊரில் ஆராவது ஐந்து நிமிடத்துக்குள் வாசிக்கலாம், பிழையில்லை. ஊரை விட்டுப் போனவருக்கும் ஊரில் ஒரு சின்ன இடம் வேண்டியிருக்கும்தானே. இதற்கு அவர் கோபித்தால் ரீயைப் பிளேன்ரீ ஆக்கிவிடுங்கள்.

நீங்கள் வாசிக்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஊர் ஏற்கெனவே கதைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வாசிக்காமல் விட்டால் மட்டும் நிற்பாட்டவா போகிறது? முதல் ஆளாகவும் வேண்டாம், கடைசி ஆளாகவும் வேண்டாம், நடுவில் எங்காவது உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள். வாசிக்கிற ஐந்து நிமிடமும் சாப்பாட்டுப் பார்சல் எண்ணிக்கை, வாகனம், சவுண்ட்காரரின் மிச்சக் காசு ஒன்றும் உங்கள் தலையில் இருக்கக்கூடாது. அதற்கு ஒரு பெடியனை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

நான் வருகிறேன். பிரதம விருந்தினர் என்று ஒருவர் வேண்டாம் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு அந்தக் கதிரையில் நானே வந்து இருக்க முடியாது, பட்டியலில் ஒரு பெயராகப் போடுங்கள். எனக்கு மாலைக் கண் கொஞ்சம் மங்கல், தாளை வெளிச்சத்தில் பிடித்தால்தான் வாசிக்கலாம், ஆனபடியால் காலைப் பக்கமாக ஒரு இடம் தந்தால் உதவி. மாங்குளத்திலிருந்து உங்கள் ஊருக்குக் காலையில் எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் எழுதுங்கள்.